மூன்று புளியமரமும் ஒரு மோட்டார் படகும்

இனிமேல் ராத்திரியில் தூங்குவது என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

இதெல்லாம் ஒரு தீர்மானமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காமல் என்ன? தினமும் அதைத்தானே செய்கிறீர்கள்! பென்னாகரம் கடலைக்காய் மில்லில் ராத்திரிக் காவல் பார்க்கிறவனைக் கேட்டால் தெரியும். எனக்கு ராத்திரித் தூக்கம் என்பது சுயராஜ்யம் மாதிரி. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பேப்பரில் போடுகிறார்களே தவிர, வந்தபாடில்லை.

பகலில் தூங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பகலில் தூங்கிப் பார்க்காதவர்கள்தான் இந்த யோசனையைச் சொல்வது வழக்கம். ஊரில் இருக்கிற காக்கை, கோழி, உப்பு வண்டி, சட்டி பானை விற்கிறவள் எல்லோருக்கும் என் ஜன்னலண்டைதான் ஜோலி. அவர்கள் ஓய்ந்தால் பாஞ்சாலி அம்மியில் உட்காருவாள். நான் இமையை மூடுகிற ஓசை அவள் காதுக்கு மட்டும் கேட்கும் போலிருக்கிறது.

பாஞ்சாலி என் சம்சாரம். அந்தப் பெயர் கொண்டவளுக்கு நியாயமாக ஐந்து புருஷன் இருக்க வேண்டும். ஐந்து பேர் பங்கு போட்டு வாங்க வேண்டிய பேச்சை நான் ஒற்றை ஆளாக நின்று வாங்கி வருகிறேன். உடம்பு களைத்துப்போகாமல் என்ன செய்யும்?

எனக்கு எஞ்சின் சாஸ்திரம் தெரியும். இதை நானே சொல்லித்தான் ஆகவேண்டும். வேறு யாரும் சொல்வதில்லை. தர்மபுரியில் பழைய பேப்பர் கடையில் மோட்டார் எஞ்சினைப் பற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மில் வாசல் லாந்தர் வெளிச்சத்தில், எழுத்துக் கூட்டி நானே படித்தேன். முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் கடைக்காரன் பொட்டலம் மடித்துவிட்டான். அதனால் எஞ்சினை எப்படிக் கிளப்புவது, எப்படி நிறுத்துவது என்பது எனக்குத் தெரியாது. கறையான் விட்டு வைத்த வரையில், இடையில் உள்ளது எல்லாம் அத்துப்படி.

படித்ததைப் பார்த்துத் தெளிய மில்லிலேயே ஓர் எஞ்சின் இருக்கிறது. வருஷக்கணக்காக அதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு குறை. அது பகலில்தான் ஓடும். நான் வருகிற நேரத்துக்கு அது தூங்கப் போய்விடும். விடிய விடிய விழித்திருந்து ஓர் இரும்புத் துண்டு தூங்குவதைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பிழைப்பு யாருக்கும் வரக்கூடாது.

இந்த நிலைமையில்தான் சென்றாயன் வந்தான்.

சென்றாயன் கரிக் காண்ட்ராக்டர். சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து, பஸ்ஸெல்லாம் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்ததல்லவா? அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு யோகம். சண்டை முடிந்தது, பஸ்ஸின் முதுகிலிருந்து அடுப்பு இறங்கவில்லை. நிற்கிற மரம் எதுவானாலும் சென்றாயன் கண்ணுக்குக் கரியாகத்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் நான் மில் கேட்டுக்கு வந்து சேருகிற சமயம், பக்கத்தில் வந்து நின்றான்.

"சென்னப்பண்ணே, உங்க படிப்புக்கு இந்தக் காவல் எல்லாம் ஒரு வேலையா?"

இப்படி ஒரு வார்த்தை யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்துக்கிடந்தது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ!

விஷயம் இதுதான். மேட்டூரில் அணை கட்டியதும் தண்ணீர் நாகமரை வரைக்கும் கடலாட்டம் வந்து நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு காண்ட்ராக்டர் துரை அந்தத் தண்ணீரில் சவாரி போவதற்காக, மேலே அறை வைத்துக் கட்டிய மோட்டார் படகு ஒன்று கொண்டுவந்திருந்தார். லாஞ்சி என்று சொல்வார்கள். துரை சீமைக்குப் போய்விட்டார். லாஞ்சி பல கை மாறி, கடைசியில் சென்றாயன் கையில் நிற்கிறது.

"அக்கரைக்கும் இக்கரைக்கும் சனங்க பரிசல்ல உசுரைக் கையில புடிச்சிக்கிட்டுப் போவுதுங்க அண்ணே. சந்தை நாள்ல பாக்கணுமே! ஆடு, மூட்டை, மாமியா, மருமவ எல்லாம் ஒரே பரிசல்ல. நீங்க லாஞ்சி வுட்டீங்கன்னா ராஜா மாதிரி."

"ராத்திரியில ஓட்டணுமா?"

"ராத்திரியில எவன் அண்ணே தண்ணியில போவான்? பொழுது சாஞ்சா கரையில கட்டிப் போட்டுட்டுத் தூங்க வேண்டியதுதான்."

தூங்க வேண்டியதுதான்! அந்த ஒரு வார்த்தைக்கே லாஞ்சியை வாங்கலாம்.

"என்னா வெலை சொல்ற?"

"உங்ககிட்ட வெலை பேசுவனா? அண்ணிக்கு மூணு புளியமரம் இருக்குதே, அதை வெட்டிக்க வுடுங்க. லாஞ்சி உங்களுது."

இங்கேதான் சிக்கல். மரம் பாஞ்சாலியுடையது. கல்யாணத்தில் அவள் அம்மா வீட்டுச் சீர். எங்கள் கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்தில் மூன்றும் மூன்று மாமியார்கள் மாதிரி நிற்கின்றன. என் சம்பளம் களிக்குச் சரியாகப் போகும். துணி, எண்ணெய், பண்டிகை, வந்தவர்களுக்குச் சோறு எல்லாம் அவள் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து விற்கிற புளியிலிருந்துதான். நான் ஒரு பிஞ்சைப் பறித்துக் கடித்தால்கூட, "யாரைக் கேட்டுப் பறிச்சீங்க?" என்பாள்.

நல்ல வேளை பார்த்து, நயமாக ஆரம்பித்தேன்.

"பாஞ்சாலி, ராத்திரியில தனியா இருக்கிறியே, உனக்குத் திருடன் பயம் இல்லையா?"

"வந்தா அவன்தான் பயந்துக்கணும். எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இங்க என்னா இருக்குது? ஒண்ணும் இல்லைன்னு பாவப்பட்டு எதையாச்சும் வெச்சிட்டுப் போவான். என்னா விஷயம், சொல்லுங்க."

"விஷயம் எல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு லாஞ்சி."

"அப்படின்னா?"

"மோட்டார் படகு. மேல வூடு மாதிரி கட்டியிருக்கும்."

"கரையில இருக்கிற வூடே ஒழுவுது. தண்ணி மேல ஒரு வூடா?"

"எஞ்சின் வெச்சது பாஞ்சாலி! நானே பரீட்சை பண்ணித்தான் வாங்கப் போறேன்."

"யாரு குடுக்கிறது?"

"சென்றாயன்."

"சும்மாவா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். நான் வாய் திறந்து சொல்கிற எதையும் அவள் புரிந்துகொண்டதில்லை. சொல்லாததை மட்டும் உடனே புரிந்துகொள்வாள்.

"மூணுமா?" என்றாள்.

"மூணும்தான்."

கத்துவாள் என்று எதிர்பார்த்து ஒரு காலை வாசற்படிக்கு வெளியே தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. கையிலிருந்த முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்தாள்.

"சரி, பாக்கலாம். நானும் வர்றேன்."

இத்தனை வருஷ அனுபவத்துக்கு, அந்தக் கால் வெளியே இருக்கும்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் பாதி தூரம், மாட்டு வண்டியில் பாதி தூரம். மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்பது கரி பஸ்ஸில் டிக்கெட்டில் எழுதாத நிபந்தனை. ஓடுகிற எஞ்சின் ஒன்றோடு எனக்கு நேர்ப்பழக்கம் உண்டென்றால் அது இதுதான், தோள்பட்டையால் பழகியது. நான் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தபோது பாஞ்சாலி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏங்க, நம்ம லாஞ்சி நடுத் தண்ணியில நின்னுட்டாலும் எறங்கித் தள்ளுவீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. பஸ் என்றால் உள்ளே இருந்தவர்கள். பஸ் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

நாகமரைத் துறையில் லாஞ்சி நின்றது. பச்சை நிறம். அதில் எது பெயிண்ட், எது பாசி என்பதைத் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சென்றாயன் வேர்க்க விறுவிறுக்க அதிலிருந்து இறங்கி வந்தான்.

"வாங்கண்ணே, வாங்கண்ணி! மாசக்கணக்கா தொடவே இல்லை. நீங்க வந்துதான் மொதல்ல தொடணும்னு வெச்சிருக்கேன்."

பழைய எஞ்சினைப் பரீட்சை செய்வதற்கு என் புத்தகத்தில் வரிசைக்கிரமம் உண்டு. முதல் விதி: போனவுடன் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால் எச்சரிக்கை! நீ வருவதற்கு முன்பே விற்கிறவன் அதைக் கிளப்பிப் பழக்கி வைத்திருக்கிறான். ஆறிப்போனால் அது கிளம்பாது.

தொட்டேன். ஜில்லென்று இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்தும் இருந்தது.

"பாத்தியா? ஐஸ் மாதிரி இருக்குது. நாணயமான ஆளு."

"ஏன் இப்படி நனைஞ்சிருக்குது?"

"கழுவி சுத்தமா வெச்சிருக்கான்."

"அவன் குளிச்சே நாளாவுது போல இருக்குது. எஞ்சினை மட்டும் குளிப்பாட்டறானா?" என்றாள் என் காதோரம். "அந்த மூலையில ஆவி கெளம்புது பாருங்க."

"ஆத்துப் பனி" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டாம் விதி, எண்ணெய். எஞ்சினுக்குள் விட்டிருக்கும் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். பொன்னிறமாக இருந்தால் புது எண்ணெய். கறுப்பாக இருந்தால் பழைய எண்ணெய். உருவினேன். வெள்ளையாக இருந்தது. வெள்ளை எண்ணெயைப் பற்றிய பக்கத்தில்தான் கறையான் குடியிருந்தது.

"மோர் மாதிரி இருக்குதுங்களே!" என்றாள் பாஞ்சாலி.

"சீமை எண்ணெய் அண்ணி. ஒசந்த சரக்கு" என்றான் சென்றாயன்.

"எங்க வூட்டுல எண்ணெயில தண்ணி பூந்தாத்தான் இப்படி ஆவும்."

"அது அடுப்பங்கரை பாஞ்சாலி. இது எஞ்சின்" என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

மூன்றாம் விதி, புகை. சென்றாயன் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். சுற்றினான், சுற்றினான், அவன் கண் விழி சுற்றுகிற வரை சுற்றினான். எஞ்சின் கிழவன் மாதிரி ஒரு முறை இருமியது. இன்னும் சுற்றினான். சட்டென்று பிடித்துக்கொண்டது. படகு நடுங்கியது, கரை நடுங்கியது, புகை கிளம்பியது. நீலப் புகை என்றால் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்பு என்றால் பெட்ரோலைக் குடிக்கிறது. வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. எங்கள் லாஞ்சி பாரபட்சம் பார்க்காமல் மூன்றையும் விட்டது.

"மூணு நெறமும் வருதுங்களே?"

"ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கும்" என்றேன்.

நான்காம் விதி, ஓசை. ஒரு குச்சியின் ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே யாரோ ஒரு தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல் இருந்தது. நல்லதா கெட்டதா? வருஷக்கணக்காகத் தூங்குகிற எஞ்சினையே கேட்டுப் பழகிய காது என்னுடையது. ஓடுகிற எஞ்சின் எப்படி ஓடினாலும் அதற்குச் சங்கீதம்தான்.

இவ்வளவும் முடித்துக்கொண்டு, கடைசியாக அறைக்குள் நுழைந்தேன். நுழைந்திருக்கக் கூடாது.

உள்ளே ஒரு கட்டில் இருந்தது.

துரை மத்தியான வேளையில் சாய்வதற்காகச் செய்த பலகைக் கட்டில். மேலே நார் மெத்தை. ஜன்னலுக்குத் திரை. பலகைக்கு அடியில் தண்ணீர் தளக் தளக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. காக்கை இல்லை. கோழி இல்லை. அம்மி இல்லை. மெத்தை உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நிமிஷம் சாய்ந்தேன்.

"ஏங்க! ஏங்க!" பாஞ்சாலி என்னை உலுக்கினாள். "நடுத் தண்ணியில நின்னு போச்சு!"

"எது?"

"எஞ்சின்!"

எழுந்து பார்த்தேன். நாலாபக்கமும் தண்ணீர். நான் கண்ணயர்ந்த நேரத்தில் லாஞ்சி புறப்பட்டு, நடுத் தண்ணீர் வரைக்கும் ஓடி, நின்றும் போயிருந்தது. கிளம்பியதும் எனக்குத் தெரியாது, நின்றதும் தெரியாது.

சென்றாயன் முகமெல்லாம் கரியாக எஞ்சினிலிருந்து நிமிர்ந்தான். "எப்படி இருக்குது அண்ணே?"

"அருமையான மெத்தை" என்றேன்.

நல்லவேளையாக ஒரு பரிசல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பரிசல்காரன் பெயர் குள்ளன். அவன் ஒன்றும் கேட்காமல், ஒரு கயிற்றை எடுத்து லாஞ்சியின் மூக்கில் கட்டினான். கயிறு அதற்கென்றே அளந்து வெட்டியது போல் இருந்தது.

"எப்பவும் கூடவே வருவீங்களா?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

"லாஞ்சி கெளம்புற அன்னிக்கெல்லாம் வருவேனுங்க அக்கா" என்றான் குள்ளன். சென்றாயன் அவனை முறைத்த முறைப்பில் கயிறு பொசுங்கியிருக்க வேண்டும்.

தோல் போர்த்த மூங்கில் கூடை ஒன்று சீமை மோட்டார் படகை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தது. துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் மனம் அந்த மெத்தையிலேயே படுத்திருந்தது.

கரையேறியதும் பாஞ்சாலி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பழைய பெட்ரோல் போட்டுவிட்டான், கார்புரேட்டரில் தூசி என்று எனக்குத் தெரிந்த சமாதானம் எல்லாம் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எனக்கே சலித்துவிட்டது.

"பாஞ்சாலி, நான் கேக்கறது லாஞ்சி இல்ல. ராத்திரி. ஊரே தூங்கறப்ப நானும் ஒரு ஓரத்துல தூங்கணும். அவ்வளவுதான்."

அவள் முகம் துடைப்பதை நிறுத்தினாள்.

"வேற வேலை தேடுங்க. நானும் நாலு பேர்கிட்டச் சொல்றேன். ராத்திரி வேணும்னா என் மரத்தைத்தான் வெட்டணுமா?"

"வேற வேலைக்கு என்னை யார் கூப்பிடறாங்க? எஞ்சின் தெரிஞ்சவன்னு மதிச்சவன் இவன் ஒருத்தன்தான்."

"மரம் தெரிஞ்சவன்" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி. உங்க இஷ்டத்துக்கும் வேணாம், என் இஷ்டத்துக்கும் வேணாம். எங்கம்மா இந்தக் கரை முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டு வெச்ச மரம் அது. சாமியைக் கேட்டுருவோம். ஆடு துலுக்கட்டும்."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியத்துக்குச் சாமியின் உத்தரவு வேண்டுமென்றால் கோயில் முன்னால் ஓர் ஆட்டை நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். அதைத்தான் துலுக்குவது என்பது. தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. தலையிலிருந்து வால் வரைக்கும் உதற வேண்டும். சாமி சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

"ஆடு என்னோடது அண்ணி!" என்று சென்றாயன் குதித்தான். "கெடாவா, கொழுத்ததா நானே கொண்டாறேன்!"

அவன் சந்தோஷம் அவனுக்கு. எனக்குக் கவலை. ஈரம் பட்ட ஆடு சீக்கிரம் உதறிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் சில ஆடுகள் இருக்கின்றன. பொழுது சாய்கிறவரைக்கும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்கும். ஊரே கையெடுத்துக் கும்பிட்டு, "துலுக்கு சாமி, துலுக்கு" என்று கெஞ்சும். அது அசைபோடும். ராத்திரித் தூக்கத்தை அப்படிப்பட்ட ஓர் ஆட்டின் இஷ்டத்துக்கு விடலாமா?

யோசித்தேன். வேலையே யோசிப்பதுதானே எனக்கு! பதில் கிடைத்தது. ஆட்டின் காதுக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். எந்த ஆடானாலும், சாமி சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், வால் வரைக்கும் உதறியே தீரும்.

வீட்டு ஆடுகளிடம் ஒத்திகை பார்த்தேன். துண்டின் முனையை நனைத்துக்கொண்டு, கழுத்தைத் தடவுகிற பாவனையில் காதுக்கு மேல் பிழிந்தேன். பிழிந்து பத்து எண்ணுவதற்குள் உதறியது. இன்னொன்றுக்குப் பிழிந்தேன். அதுவும் உதறியது. எஞ்சின் சாஸ்திரத்தில்கூட இப்படி ஒரு நிச்சயம் கிடையாது.

"தூங்காம ஆட்டுக்கிட்ட என்னா பண்றீங்க?" என்றாள் பாஞ்சாலி, தண்ணீர்க் குடத்தோடு வந்தவள்.

"உண்ணி பாக்கறேன்."

"காதுலயா?"

"காதுலதான் ஜாஸ்தியா இருக்கும்."

"பாவம், தலையைத் தலையை உதறுதுங்களே."

"உண்ணி போற சந்தோஷம்."

"நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குறித்த நாளில் நாகமரைக் கரைக்குப் போனோம். முனியப்பன் வெட்டவெளியில் மீசையும் அரிவாளுமாக, விழியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரிக் காவல்காரருக்கே உரிய கண். எனக்கு அவரிடம் ஓர் அனுதாபம் உண்டு. அவருக்கும் தூக்கம் கிடையாது. மாற்று ஆளும் கிடையாது.

சென்றாயன் ஒரு கெடாவோடு நின்றான். லாஞ்சி கதையைக் கேட்டுத் துறைக் கூட்டம் முழுக்க வந்திருந்தது. பூசாரி ஆட்டைச் சாமி எதிரில் நிறுத்தினார்.

"ஆட்டை யாரு புடிக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாஞ்சாலி முந்திக்கொண்டாள்.

"அவரே புடிக்கட்டுங்க. லாஞ்சி அவருக்குத்தானே! கேக்கறதை நான் கேக்கறேன். மரம் என்னோடது பாருங்க."

"அதுதான் மொறை" என்றார் பூசாரி.

கூட்டமும் அதுதான் நியாயம் என்றது. எனக்கோ ஆச்சரியம். திருடன் கையில் சாவியைக் கொடுத்து, ஜாக்கிரதையாகப் பூட்டுங்கள் என்று சொல்லலாமா ஒருத்தி? பாவம், பாஞ்சாலி! மரம் போனபிறகு அவளை லாஞ்சியில் ஏற்றி ஒருநாள் அக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் நல்ல நிலைமையில் இருக்கிற நாளாகப் பார்த்து.

தண்ணீரில் நனைத்த துண்டு தோளில் தயாராக இருந்தது. பூசாரி வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். ஆடு முனியப்பனைப் பார்த்தது. முனியப்பன் ஆட்டைப் பார்த்தார். இரண்டு பேரும் அசையவில்லை. நான் நினைத்தபடியே கல்லுப் பிள்ளையார் ஜாதி.

"கேளும்மா" என்றார் பூசாரி.

பாஞ்சாலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் கூப்பினாள். ஏரிக்கு அக்கரையில் கேட்கிற குரல் எடுத்தாள்.

"முனியப்பா! எங்கம்மா உனக்கு வேண்டிக்கிட்டுக் குடுத்தது மூணு புளியமரம்..."

இதுதான் சமயம். கழுத்தைத் தடவுகிற மாதிரி துண்டின் முனையைக் காதுக்கு மேல் கொண்டுபோய் நன்றாகப் பிழிந்தேன். நாலு சொட்டு என்பது கணக்கு. ராத்திரித் தூக்கத்தை நினைத்துக்கொண்டு நாற்பது சொட்டு விட்டேன்.

"...அந்த மூணு மரத்தையும், யாரு வந்து என்னா ஆசை காட்டினாலும் வெட்டக் குடுக்காம, எங்கண்ணு மூடற வரைக்கும் நான் வெச்சிக் காப்பாத்தறதுக்கு உத்தரவு குடு சாமி! உனக்குச் சம்மதம்னா ஆடு துலுக்கட்டும்!"

என்ன சொன்னாள்?

துண்டை வெடுக்கென்று இழுத்தேன். விட்ட தண்ணீரை இழுக்க முடியுமா? காதுக்குள் விரலை விட்டேன். இன்னும் உள்ளே போயிற்று. காதைப் பொத்தினேன். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வேணாம்டா, வேணாம், கொஞ்சம் பொறுத்துக்கடா" என்று கெஞ்சினேன். ஒரு காலத்திலும் ஒருவரும் ஓர் ஆட்டிடம், அதுவும் அந்த இடத்தில், துலுக்காதே என்று கெஞ்சியிருக்க மாட்டார்கள்.

ஆட்டின் உடம்புக்குள் ஏதோ கிளம்புவது என் நெஞ்சில் தெரிந்தது. கழுத்தில் ஆரம்பித்தது. முதுகுக்குப் போயிற்று. கட்டிப் பிடித்திருந்த என்னையும் சேர்த்து, தலையிலிருந்து வால் வரைக்கும், ஓர் உதறு உதறியது பாருங்கள்! என் பல் தந்தி அடித்தது. குடுமி அவிழ்ந்தது.

கூட்டம் குலவை போட்டது.

"நானும் எத்தனையோ ஆடு பாத்துட்டேன்" என்றார் பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேட்ட வாய் மூடறதுக்குள்ள புடிச்ச ஆளையும் சேத்துத் துலுக்கினதை இன்னிக்குத்தான் பாக்கறேன். முனியப்பனுக்கு அந்த மரத்து மேல அவ்வளவு பிரியம்!"

"கேள்வியை மாத்திக் கேட்டுட்டாங்க!" என்று கத்தினான் சென்றாயன்.

"மரம் அவங்களுது. கேள்வியும் அவங்களுது. உனக்கென்னப்பா?"

"ஆடு என்னுதுங்க!"

"இப்ப சாமியுது" என்றார் பூசாரி, அரிவாளை எடுத்தபடி.

பாஞ்சாலி திருநீறு இட்டுக்கொண்டு என் பக்கம் வந்தாள். நாலு பேர் முன்னால் என்னிடம் இவ்வளவு மரியாதையாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க, உங்களுக்கு இதுல ஏதாச்சும் சந்தேகமா? ஆடு தானாத் துலுக்கலைன்னு தோணுதுங்களா? தோணினா இப்பவே பூசாரிகிட்டச் சொல்லிடுங்க. சாமி காரியம். பொய் கலக்கக் கூடாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முனியப்பனும் பார்த்தார். அவர் கையிலும் அரிவாள். பூசாரி கையிலும் அரிவாள்.

"சந்தேகமே இல்ல" என்றேன். "சாமிதான் துலுக்கினது."

அப்புறம் என்ன? கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். சென்றாயன்தான் கரி கொடுத்தான். வேறு வழி இல்லை. மத்தியானத்துக்கு மேல் வரிசையாக இலை போட்டார்கள். பொழுதோடு நான் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று ராத்திரி, நாளை ராத்திரி, நாளன்றைக்கு ராத்திரி என்று என் கண் முன்னால் ராத்திரிகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் லாஞ்சி ஒரு பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலில் திரை அசைந்தது.

பாஞ்சாலிதான் பரிமாறினாள். எல்லாருக்கும் வைத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். பலி கொடுத்த ஆட்டின் தலை பூசாரிக்குச் சேரும். அவரிடம் கேட்டு ஒரே ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். குனிந்து என் இலையில் வைத்தாள்.

ஆட்டுக் காது.

"தின்னுங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "பாடுபட்டது நீங்கதானே!"